பெயரில்லை

எட்டு வருடம் நான் இழுத்த கோடுகள்
இப்போது என் கணினித் திரையில்.
நிற்கும் கோடு: வந்தான்.
படுத்த கோடு: வரவில்லை.
வேறெதுவும் எழுத அந்தக் கட்டத்தில் இடமில்லை.
இருந்திருந்தால் எழுதியிருப்பேனா, தெரியாது.

உலான்பாத்தரின் வடக்கு மேட்டில்
கம்பளிக் கூடாரங்களுக்கு நடுவே பள்ளி.
பாதிப் பேருக்குக் காலை முறை, மீதிக்குப் பகல்.
ஒரு பெஞ்சில் மூன்று கோட்டுகள்,
நிலக்கரி வாசத்தோடு.
கடைசி பெஞ்சில் நெர்குய்.
நெர்குய் என்றால் பெயரில்லை.
அவனுக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை;
தேடி வருவது விலாசம் தவறிப் போகட்டும் என்று
அம்மா வைத்தாளாம்.

செவ்வாய் வரமாட்டான். வெள்ளி வரமாட்டான்.
புதன்கிழமை வந்து நிற்பான்,
முந்தின நாள் உறைந்தது
இன்னும் இளகாத கையுறையோடு.
அன்று பின்னங்கள் நடத்தினேன்.
போர்டில் ஐந்தில் மூன்று என்று எழுதி
"இது யார், சொல்லுங்கள்" என்றேன்.
வகுப்பே சிரித்தது.
நகைச்சுவையான டீச்சர் என்று எனக்குப் பெயர்.
அவன் கையுறையைக் கழற்றி
வெந்நீர்க் குழாய்மேல் வைத்தான்.
மணி அடிக்கும்வரை அது சொட்டிக்கொண்டிருந்தது.

லட்சியம் எதுவும் என்னை அங்கிருந்து கிளப்பவில்லை.
தொண்டை கெட்டது, அவ்வளவுதான்.
குறைவாகப் பேசும் வேலை பார் என்றார் டாக்டர்.
மாலைக் கல்லூரியில் புள்ளியியல், பிறகு
சமூகக் கொள்கை ஆய்வகம், நாலாவது மாடி.
கேள்வி கேட்டால் கை தூக்க ஆளில்லாத அறை.
பத்தே முக்காலுக்கு எழுந்து நின்றுவிடுவேன்
முதல் மாதம் முழுக்க,
அடிக்காத மணிக்கு.

"பெயர்களை எடுத்துவிடுங்கள், எண் போதும்,"
என்றார் இயக்குநர் டாஷ்னியாம். "அது விதி."
நாலாயிரத்துச் சொச்சம் பிள்ளைகள்.
எடுத்துக்கொண்டே வந்தேன்.
பெயரில்லை என்ற பெயரையும் எடுத்துவிட்டு
2093 என்று போட்டேன்.

தண்ணீர்ச் சாவடிகளின் நேர அட்டவணை
வேறொரு ஆய்வுக்காக வந்தது.
மிச்சித்மா அதை என் மேசையில்
தேநீர்க் கோப்பைக்கு அடியில் விட்டுப் போயிருந்தாள்.
மேட்டுச் சாவடி: செவ்வாய், வெள்ளி.
காலை ஒன்பது முதல் பன்னிரண்டு.

கோப்பையை எடுத்தேன். வட்டக் கறை.
மறுபடி படித்தேன்.

சாவடி சாவடியாக வைத்துப் பார்த்தேன்.
காலையில் தண்ணீர் திறக்கும் இடத்திலெல்லாம்
படுத்த கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்று,
ஏணிப்படி மாதிரி.
ஒவ்வொரு படியிலும்
நாற்பது லிட்டர் கேன், சறுக்குப் பலகை,
வேலைக்குப் போய்விட்ட அம்மா.

அறுபத்திரண்டு பக்கம் எழுதினோம்.
பரிந்துரை ஒரே வரி:
மாலை நாலுக்கு மேல் திறவுங்கள்.
செலவு ஒரு விளக்கு, ஒருவருக்கு மிகைநேரக் கூலி.
அமைச்சகக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார்:
"இது காரணமா, தற்செயலா?"
நியாயமான கேள்வி. எண்களால் பதில் சொன்னேன்.
கையுறை எந்த அட்டவணையிலும் சேராது.
பதினொரு சாவடிகள் சோதனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன.
மேட்டுச் சாவடி அதில் இல்லை.

ஆய்வின் வரம்புகள் என்ற பகுதியில்
நான் எழுதியிருந்தேன்:
ஆசிரியர்கள் காரணம் கேட்கவில்லை.
டாஷ்னியாம் திருத்தினார்:
காரணங்கள் பதிவாகவில்லை.
கண்ணியமான வாக்கியம்,
அதில் யாருமே இல்லை.

அச்சுக்குப் போவதற்கு முந்தின இரவு
கேட்கவில்லை என்றே திரும்ப மாற்றினேன்.
எந்த ஆசிரியர் என்று அடிக்குறிப்பு போட
அடியில் இரண்டு வரி இடம் இருந்தது.
விரலை விசைமேல் வைத்தபடி
கொஞ்ச நேரம் இருந்தேன்.

பெயர்களை எடுத்துவிட வேண்டும்,
அது விதி.
கணினியை அணைத்துவிட்டு
கோட்டை மாட்டிக்கொண்டேன்.